நாற்றுக்கு நண்பன், மீனுக்குப் பகைவன்: தீவகத்துக் கடற்றொழிலாளருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரு திறந்த மடல்

குறிகட்டுவான்,
புங்குடுதீவு.

அன்புக்குரிய தீவகத்து உறவுகளுக்கு,

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை எங்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் தோட்டம் செய்கிறவர்களுக்கும் இந்த மடலைச் சேர்த்தே எழுதுகிறேன். நான் கடற்றொழில் வீட்டில் பிறந்து தோட்டக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மீன் விலை போகாத கவலையும் நாற்றுச் சாய்ந்த கவலையும் என் அடுப்படியில் ஒன்றாகத்தான் பேசப்படுகின்றன. வெளியில் மட்டும் அவை ஏனோ தனித்தனியாக நிற்கின்றன.

குறிகட்டுவான் துறையில் நீங்கள் இருவருமே நிற்கிறீர்கள். தீவுகளிலிருந்து வந்த மீன்பெட்டி ஒரு பக்கம் இறங்குகிறது. விதைப் பைக்கற்றும் மருந்துப் போத்தலும் மறுபக்கம் படகேறுகின்றன. ஆனால் உங்கள் சங்கம் வேறு, கூட்டம் வேறு, உங்களைத் தேடி வரும் உத்தியோகத்தரும் வேறு. அதனால் இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரு காரியம் எந்தக் கூட்டத்திலும் பேசப்படாமலே போகிறது. சூடோமோனாஸ் புளோரசென்ஸ் என்ற பற்றீரியாவைப் பற்றித்தான் சொல்கிறேன். ஐஸில் வைத்த மீனைக் கெடுப்பதில் அது முன்னணியில் நிற்கிறது. கத்தரி, மிளகாய் நாற்றின் வேரைக் காப்பதிலும் அதே இனம் முன்னணியில் நிற்கிறது. தீமைக்கு இடம் கொடுத்துவிட்டு நன்மையைக் கைவிட்டிருக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

இது எங்கிருந்தோ புதிதாக வந்த கிருமியல்ல. ஜேர்மன் அறிஞர் புளூக்கே 1886இலேயே இதை விவரித்துவிட்டார். இன்றைய பெயரை 1895இல் மிகுலா கொடுத்தார். மண்ணிலும் நீரிலும் இலையிலும் மீனின் தோலிலும் செவுளிலும் எப்போதும் இருப்பது. இரும்புச் சத்துக் குறைந்த ஊடகத்தில் வளர்த்து புறஊதாக் கதிர் விளக்கைப் பிடித்தால், தட்டு முழுவதும் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அந்த ஒளியைத் தரும் பொருளுக்கும் உங்கள் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கடலுக்குப் போகிறவர்களோடு பேசுகிறேன்.

இரவெல்லாம் கண்விழித்துப் பிடித்த விளைமீனையும் பாரையையும் அறக்குளாவையும் ஐஸ் போட்டுத்தான் கொண்டுவருகிறீர்கள். அப்படியிருந்தும் வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், பெருவிரலால் முதுகை அமத்துகிறார், பள்ளம் மேலெழாவிட்டால் விலையைக் குறைத்துவிடுகிறார். "ஐஸ் காணாது" என்பதே அவர் சொல்லும் காரணம். நீங்களும் அடுத்த முறை கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் ஐஸ் வாங்குகிறீர்கள். அப்போதும் சில பெட்டிகளில் அதே வழுவழுப்பு, அழுகிய பழத்தைப் போன்ற அதே மணம். குற்றம் முழுவதும் ஐஸின் அளவில் இல்லை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். உயிரோடிருக்கும் மீனின் தசையில் கிருமி இல்லை. தோலிலும் செவுளிலும் குடலிலும் மட்டும் பலவகைக் கிருமிகள் கலந்திருக்கும். மீன் செத்ததும் அவை தசைக்குள் இறங்கத் தொடங்குகின்றன. ஐஸ் இல்லாவிட்டால் வெப்பத்தை விரும்பும் கிருமிகள் பெருகி, நம் ஊர் வெயிலில் ஒரு பகலுக்குள் மீனை முடித்துவிடும். ஐஸ் போட்டால் அவை ஒடுங்கிவிடும். ஆனால் அந்த இடத்தைப் பிடிக்கக் குளிரைத் தாங்கும் கிருமிகள் காத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது இந்தச் சூடோமோனாஸ் கூட்டம். 4 பாகை செல்சியசில் இது நன்றாகவே வளரும். 0 பாகையை அண்டினாலும் மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டே இருக்கும். குளிரில் வைத்திருந்த இரத்தப் பைகளில்கூட இது பெருகி நோயாளிகளுக்குத் தீங்கு செய்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. பாலில் வளரும்போது இது விடும் நொதிகள், பாலைக் காய்ச்சிக் கிருமியைக் கொன்ற பிறகும் வேலை செய்து பாலைக் கெடுக்கின்றன. மீனிலும் இதன் நொதிகள் புரதத்தை உடைக்கின்றன. சதை இளகுவதும் தோல் வழுவழுப்பதும் மணம் மாறுவதும் அதனால்தான்.

அன்றைக்கே பிடித்து அன்றைக்கே கறிக்குப் போகும் மீனுக்கு இது பெரிய ஆபத்தில்லை. நெடுந்தீவில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கொழும்புக்கு லொறியேறும் மீன் நாட்கணக்கில் ஐஸில் கிடக்கிறது. இந்தக் கிருமி வெல்வது அந்த நாட்களில். அது எத்தனை நாளில் வெல்லும் என்பதை, மீன் பெட்டிக்குள் போகும்போது பெட்டியில் ஏற்கெனவே எவ்வளவு கிருமி இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

உங்கள் பெட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். மூலை உடைந்த ரெஜிபோம் பெட்டி, உள்ளே கத்தி கீறிய தடங்கள், அந்தக் கீறல்களில் காய்ந்து ஒட்டிய செதிலும் இரத்தமும். கையால் தடவினால் ஈரமில்லாத இடத்திலும் ஒரு வழுக்கல் தெரியும். அது அழுக்கு மட்டுமல்ல. பற்றீரியாக்கள் கூடி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலம் கட்டிக் குடியிருக்கும் இடம் அது. நேற்றைய பெட்டியை இப்படியே எடுத்து இன்றைய மீனைப் போட்டால், முதல் நாளிலேயே மூன்றாம் நாளின் கிருமியைச் சேர்த்து வைத்தது போலாகும். நேற்று உருகி மிஞ்சிய ஐஸை இன்றைய மீனின் மேல் கொட்டுவதும் அதே காரியம்தான். துறையோரத்தில், படகின் எண்ணெயும் மீன்கழிவும் கலந்த நீரில் பெட்டியை முக்கி எடுத்துவிட்டுக் கழுவியாயிற்று என்று நினைப்பதும் அதே காரியம்தான்.

மீன் குறைந்துவிட்டது, எரிபொருள் விலை ஏறிவிட்டது, எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இந்தத் துயரங்களில் எதுவும் உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். பெட்டி உங்கள் கையில் இருக்கிறது. இத்தனை இழப்புக்குப் பிறகும் கரைக்கு வந்து சேர்ந்த மீனை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பறிகொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். பெட்டியைச் சுத்தமாக்கி ஐஸைக் குறைக்கலாம் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். சூரை, கும்பளா போன்ற மீன்களை ஐஸில்லாமல் வைத்தால் வேறு கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்துச் சொறியும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்குரிய பொது அளவு. அது குறையக்கூடாது. அதனோடு சுத்தமும் சேர வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

குளத்திலும் தொட்டியிலும் மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நெருக்கமாக விட்ட, காயம்பட்ட, கெட்ட நீரில் நிற்கும் நன்னீர் மீன்களில் இதே பற்றீரியா செட்டை அழுகலையும் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். நலமான மீனை இது இலகுவில் தொடுவதில்லை. மருந்து தேடி ஓடுவதற்கு முன் நீரைப் பாருங்கள், மீனின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வலையில் அள்ளும்போது செதில் உரியாமல் அள்ளுங்கள்.

இனித் தோட்டக்காரருடன் பேசுகிறேன்.

மாரி தொடங்கி நாற்றுமேடை ஈரமாக நிற்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்று இன்று காலையில் சாய்ந்து கிடக்கிறது. இலை பச்சையாகவே இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர்கோத்து, நூலாகச் சுருங்கியிருக்கிறது. அடுத்த நாள் பக்கத்து நாற்றும் சாய்கிறது. நாற்றழுகல் என்று உங்களுக்குத் தெரியும். ரைசொக்டோனியா போன்ற பங்கசுக் கிருமிகளும் பங்கசுவைப் போன்ற பித்தியமும் செய்யும் வேலை அது. உடனே பங்கசுநாசினிப் போத்தல் வருகிறது. அடுத்த வருடம் அளவு கூடுகிறது.

அந்த மருந்து எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? நம் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். ஊற்றிய எதையும் அது வடித்துக் கீழே விட்டுவிடும். கீழே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையே நம் கிணறுகளின் ஆதாரம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உகந்த அளவைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தீவுகளில் நன்னீரின் அருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு மைல்கணக்கில் நடந்த பெண்களின் பிள்ளைகள் நாம்.

இந்த இடத்தில்தான் அந்தப் பற்றீரியா நமக்கு உதவ நிற்கிறது. வேரைச் சுற்றிக் குடியேறி, வேர் கசியவிடும் சத்தைத் தின்று வாழும். அதற்குக் கூலியாகக் காவல் செய்யும். பச்சை மஞ்சளாக ஒளிரும் பொருள் என்றேனே, அது பயோவெர்டின். மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்து இழுத்துத் தன் கிருமிக்குக் கொடுப்பதே அதன் வேலை. இரும்பு கிடைக்காத பங்கசு வளர முடியாமல் ஒடுங்குகிறது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் கரைந்து கிடைப்பது குறைவு. ஆகையால் இந்தப் போட்டி நம்முடையதைப் போன்ற மண்ணில் இன்னும் கடுமையாகும். இதன் சில வகைகள் பங்கசுவை நேரடியாகத் தாக்கும் பொருட்களையும் சுரக்கின்றன. இன்னும் சில, செடியின் நோய் எதிர்ப்பையே முன்கூட்டி விழிக்கச் செய்கின்றன. தோல் புண்ணுக்கு வைத்தியர் எழுதித் தரும் முபிரோசின் களிம்பின் மருந்தும் இந்தப் பற்றீரியாவிலிருந்து கண்டெடுத்ததுதான்.

கடலுக்கு அப்பால், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பற்றீரியாவை டால்க் தூளில் கலந்து விவசாயி கையாளும் பொடியாக்கினார்கள். கொண்டைக்கடலைச் செடியின் வாடல் நோய்க்கு எதிராக அப்படிப் பொடியாக்கியதைப் பற்றி வித்யாசேகரனும் முத்தமிழனும் 1995இல் எழுதினார்கள். இன்று தமிழ்நாட்டில் நெல்லுக்கும் வாழைக்கும் காய்கறிக்கும் அது சாதாரணமாகப் பாவனையில் உள்ளது. அங்கே பரிந்துரைக்கும் அளவு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். நிலத்துக்கு ஒரு ஹெக்டேயருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய எருவோடு கலந்து இடுவார்கள். நம் கணக்கில் ஒரு பரப்புக்குச் சுமார் 60 கிராம் பொடியும் ஒன்றேகால் கிலோ எருவும். ஒரு வீட்டுக்காரிகூடக் கையால் கலந்து தூவிவிடக்கூடிய அளவு.

இதை மந்திரப் பொடியாக உங்களுக்கு விற்க நான் வரவில்லை. 2021 மே மாதத்தில் அரசாங்கத்தார் இரசாயன உரத்தின் இறக்குமதியையும் மருந்தின் இறக்குமதியையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். மாற்று எதுவும் கையில் கொடுக்காமல், சேதனப் பசளைக்கு மாறு என்றார்கள். நவம்பரில் அந்தத் தடையை விலக்கியபோது நட்டம் விவசாயியின் தலையில் இருந்தது. அந்தக் காயம் ஆறாதவர்களிடம் இன்னொரு 'இயற்கை' வாக்குறுதியைக் கொண்டுவருவது நியாயமில்லை. ஆகவே குறையையும் சேர்த்தே சொல்கிறேன். இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். வறட்சியைத் தாங்கும் வித்தி இதற்கு இல்லாததால் மாதங்கள் செல்லச் செல்லப் பொதியில் உயிர் குறையும். திகதி கடந்த பொதியை வாங்கினால் வெறும் தூளைத்தான் வாங்குகிறீர்கள். செப்பு மருந்தோடும் இரசாயன மருந்துகளோடும் கலந்தால் இதைக் கொன்றுவிடுவீர்கள். ஏற்கெனவே சாய்ந்த நாற்றை இது எழுப்பாது. வருமுன் காப்பதே இதன் வேலை.

ஆய்வுகூடத்தில் வென்றது வெளியில் தோற்கவும் கூடும். டென்மார்க்கில் இந்த இனத்தின் ஒரு வகையை நீரில் விட்டபோது விப்ரியோ நோய் தொற்றிய ட்ரவுட் மீன்களில் சாவு குறைந்ததாக 1999இல் எழுதினார்கள். அதே வகை, சால்மன் மீனின் வேறொரு நோய்க்கிருமியைத் தட்டில் அடக்கியும், மீனைக் காப்பாற்றவில்லை என்பதை 2001இல் அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மை நமக்கும் வேண்டும். நம் மண்ணில், நம் கிணற்று நீரில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் நாற்றுமேடையில்தான் கண்டறிய வேண்டும்.

இன்னுமொன்று. இராமேஸ்வரப் பக்கமிருந்து யாராவது பொதி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். உயிருள்ள கிருமியை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் காப்பதற்கானது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திடமும் கேளுங்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையமும், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் நமக்கு எட்டாத இடங்களல்ல. கேட்கிறவர்கள் தனியாளாகப் போகாமல் சங்கமாகப் போனால் பதில் வரும்.

"மீனைக் கெடுக்கிறதைத் தோட்டத்தில் போடச் சொல்கிறாளே" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. இனம் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் வகைகள் பல. தோட்டத்துக்கென்று தேர்ந்தெடுத்தது வேர்க் காவலில் தேறிய வகை. உங்கள் பெட்டிக் கீறலில் இருப்பது மீன் சதையில் பழகிய கூட்டம். பொடி தூவியதால் கடலில் மீன் கெட்டுப்போவதில்லை. ஆனாலும் பொடி கலந்த வாளியில் மீன் கழுவக்கூடாது, மீன் கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றக்கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு நமக்கு வேண்டும்.

அந்த ஒழுங்குக்கு நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தேவை. துறையில் வீசும் குடலும் செவுளும் தலையும் கிருமியின் விளைநிலம். அதையே தோட்டத்தில் குழி வெட்டி, இலைகுழையோடு சேர்த்து மூடினால் நல்ல கூட்டெரு. பனங்கட்டியோடு சேர்த்துப் புளிக்க வைத்தால், தமிழ்நாட்டில் பலர் பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம். நம்மிடம் மீனும் உண்டு, பனையும் உண்டு. ஒரு பக்கம் குப்பையாகவும் மறுபக்கம் பசளைத் தட்டுப்பாடாகவும் இருப்பதற்கு ஒரே காரணம், நீங்கள் கூடிப் பேசாததுதான்.

ஆகவே என் வேண்டுகோள்களைத் தெளிவாக வைக்கிறேன்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே, பெட்டிக்கு ஒரு விதி போடுங்கள். கீறல் விழுந்த, மூலை உடைந்த பெட்டியில் வெளியூர் போகும் மீனை ஏற்றக்கூடாது. ஒவ்வொரு நாளும் பெட்டியைச் சவர்க்காரமிட்டு உரஞ்சி, கடற்றொழில் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் நீரால் அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். நன்னீர் இல்லாவிட்டால் துறைக்கு அப்பால், ஆழக் கடலில் அள்ளிய தெளிந்த நீரைப் பாவியுங்கள். மிஞ்சிய ஐஸை மறுநாள் மீனுக்குப் போடாதீர்கள்.

கமக்காரர் அமைப்புகளே, இந்த மாரிக்கு ஊருக்கு ஒரு தோட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்றுமேடை, ஒரே விதை, ஒரே நீர். ஒன்றில் விதையைப் பொடியோடு பரிகரியுங்கள், மற்றதில் வேண்டாம். சாய்ந்த நாற்றை இரண்டிலும் எண்ணி எழுதி வையுங்கள். பலன் கண்டால் மருந்துப் போத்தலைக் குறையுங்கள். காணாவிட்டால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

புலம்பெயர்ந்து வாழும் எங்கள் பிள்ளைகளே, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்த கை உங்களுடையது. கழுவக்கூடிய, கீறல் விழாத கனமான பிளாஸ்ரிக் மீன்பெட்டிகளைச் சங்கங்களின் பெயரில் வாங்கிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, நீங்கள் இரு தரப்பும் ஒரு நாள் ஒரே மண்டபத்தில் கூடுங்கள். கடற்றொழில் பரிசோதகரையும் விவசாயப் போதனாசிரியரையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். படகில் பெட்டி கழுவும் பெடியளும், வீட்டில் நாற்று மேடைக்குத் தண்ணீர் விடும் பெண்களும் முன்வரிசையில் இருக்கட்டும், ஏனெனில் வேலையைச் செய்யப்போவது அவர்கள். பெட்டி விதி, நாற்றுமேடைச் சோதனை, மீன்கழிவுக் குழி ஆகிய மூன்றுக்கும் அன்றே பொறுப்பாட்களின் பெயரை எழுதுங்கள். புரட்டாசி முடிந்து மழை இறங்கிவிட்டால் நாற்றுமேடைக்குக் காலம் தப்பிவிடும். ஆகவே ஆவணிக்குள் அந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்து, இரண்டு சங்கத் தலைவர்களும் கையொப்பமிட்ட அறிவித்தலைக் குறிகட்டுவான் துறையில் ஒட்டுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் ஒருத்தி,
புங்குடுதீவு.